ஜெய்ப்பூரில் காரும் ஓட்டுநரும்: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

எழுபது வயதைக் கடந்த பெற்றோருடனும் பத்து வயது மகளுடனும் ஐந்து பேராக டிசம்பர் கடைசி வாரத்தில் ஜெய்ப்பூர் செல்லவிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கையில் இருக்கும் இரண்டரை நாளுக்கும் ஓட்டுநருடன் ஒரு காரை முழுநாள் வாடகைக்கு அமர்த்துவது சரியா, இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது, ஓட்டுநரிடம் எவற்றை முன்கூட்டியே பேசி முடிப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் நாளுக்குக் கார் கட்டாயம் வேண்டும். இரண்டாம் நாளுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. மூன்றாம் நாள் அரை நாளுக்கு மட்டும் வேண்டும். பயண ஏற்பாட்டு நிறுவனங்கள் மூன்று நாளையும் ஒரே கட்டாகப் பேசவே விரும்பும். அதற்கு ஒப்புக்கொண்டால் இரண்டாம் நாள் முழுவதும் காருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள்.

இந்த ஊர் அமைந்திருக்கும் விதமே இதற்குக் காரணம். கச்சவாகா அரசர்களின் பழைய தலைநகரமான ஆமேர், ஆரவல்லிக் குன்றுகளின் இடுக்கில், இன்றைய நகரத்துக்கு வடக்கே சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மக்கள்தொகை பெருகி அங்கே இடமும் தண்ணீரும் போதாமற்போனபோது, இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1727இல் தெற்கே சமவெளியில் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். வித்யாதர் பட்டாச்சார்யா என்ற வங்காளத்து அறிஞரின் துணையோடு ஒன்பது கட்டங்களாக வகுக்கப்பட்ட அந்த மதில்சூழ் நகரத்தில் அரண்மனையும் வானாய்வுக்கூடமும் கோயிலும் கடைத்தெருக்களும் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. கோட்டைகளோ வடக்கு மலைகளின் மேல் இருக்கின்றன. ஆகவே மலைக்குப் போகக் கார் இல்லாமல் முடியாது. மதிலுக்குள்ளோ அது நிறுத்த இடம் தேடி அலையும் சுமையாகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் தெற்கே வளர்ந்த புதிய பகுதியில்தான் உங்கள் விடுதி பெரும்பாலும் இருக்கும்.

முதல் நாளை மலைகளுக்கு ஒதுக்குங்கள். காலை ஏழரை மணிக்கு விடுதியிலிருந்து புறப்படுவதாக ஓட்டுநரிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் ஏழு மணிக்குச் சற்றுப் பிறகே எழும். குளிர் கடுமையாக இருக்கும். சில நாட்களில் மூடுபனியும் உண்டு. ஆனாலும் அந்த நேரத்துக்கு இரண்டு லாபங்கள் இருக்கின்றன. ஆமேருக்கான சாலை மதில்சூழ் நகரத்தின் ஊடாக, ஹவா மஹாலின் முன்புறமாகவே செல்கிறது. அந்தக் கட்டடம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் முதலில் அதன் மேல்மாடங்களில் விழுந்து மெல்லக் கீழே இறங்கும். கடைகள் திறந்திருக்காது, தெருவில் நெரிசலும் இருக்காது. பத்து நிமிடம் இறங்கி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் காரை நிறுத்தவே விடமாட்டார்கள்.

இரண்டாவது லாபம் ஆமேர் கோட்டையின் வாசலில் தெரியும். கோட்டை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் ஜெய்ப்பூரில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் காலம் என்பதால், பத்து மணிக்குள் ஆமேரின் குறுகிய சாலையில் பேருந்துகள் வரிசைகட்டிவிடும். எட்டேகாலுக்குள் போய்விட்டால் முற்றங்களை ஓரளவு ஆளரவமின்றிப் பார்க்கலாம்.

வழியில், ஏரிக்கு நடுவே நிற்கும் ஜல் மஹால் வரும். அங்கே போகும்போது நிற்க வேண்டாம், திரும்பும்போது நில்லுங்கள். ஆமேரை நோக்கிச் செல்கையில் மான் சாகர் ஏரி சாலையின் வலப்பக்கம் இருக்கும். நின்றால் போக்குவரத்தைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். காலை வெயிலும் மஹாலின் பின்புறத்திலிருந்து வருவதால் அது நிழலுருவமாகவே தெரியும். பிற்பகலில் திரும்பும்போது ஏரி இடப்பக்கம், கார் நிற்கும் பக்கத்திலேயே இருக்கும். மேற்கு வெயில் நேராக மஹாலின் முகத்தில் விழும். கரையிலிருந்து பார்ப்பதற்கு மட்டும் உரிய இடம் அது. கால்மணி நேரம் போதும்.

ஆமேரில் பெற்றோரை மேலே கொண்டுபோவது எப்படி என்பதுதான் அன்றைய முதல் முடிவு. அடிவாரத்தில் மாவோட்டா ஏரிக்கரையில் இறங்கி, கல் பாவிய சாய்வுப் பாதையில் ஏறினால் 'சூரஜ் போல்' என்ற வாயில் வழியாக ஜலேப் சௌக் என்ற முதல் முற்றத்தை அடையலாம். தூரம் குறைவுதான், ஆனால் ஏற்றம் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. ஆமேர் ஊருக்குள் நுழைந்து பின்புறமாக மேலே ஏறும் குறுகிய சாலை ஒன்றும் இருக்கிறது. நெரிசல் இல்லாத காலை வேளையில் சிறிய கார்கள் அதில் ஏறிவிடும். கூட்டம் மிகுந்த நாட்களில் காவலர்கள் தடுத்தால் அடிவாரத்தில் வாடகை ஜீப்புகள் கிடைக்கும். இந்தப் பின்வழியை அறிந்த உள்ளூர் ஓட்டுநர் கிடைப்பது ஒரு பெரிய வசதி. டெல்லியிலிருந்து காரோடு வரும் ஓட்டுநர் பெரும்பாலும் அடிவாரத்திலேயே இறக்கிவிடுவார். யானைச் சவாரியும் அதே சாய்வுப் பாதையில் காலையில் நடக்கிறது. அந்த விலங்குகள் நாள்தோறும் கல்பாதையில் ஆளைச் சுமந்து ஏறுவதைப் பார்த்த பிறகு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வயதானவர்களுக்கு அந்த ஆட்டமும் ஒத்துக்கொள்ளாது.

கோட்டைக்குள் எதை நிதானமாகப் பார்ப்பது என்றால், முதலில் இதன் வயது அடுக்குகளைச் சொல்ல வேண்டும். அக்பரின் படைத்தலைவராக இருந்த முதலாம் மான்சிங் 1592இல் தொடங்கிய அரண்மனைதான் கடைக்கோடியில் இருக்கும் பழைய பகுதி. 'கணேஷ் போல்' என்ற வாயிலும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஷீஷ் மஹாலும் அவருக்குப் பின்வந்த முதலாம் ஜெய்சிங் காலத்தவை. எல்லோரும் ஷீஷ் மஹாலில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பின்னாலிருக்கும் மான்சிங் அரண்மனையில், நடு முற்றத்துத் தூண் மண்டபத்தைச் சுற்றி அரசியருக்கான தனித்தனி அறைகள் அமைந்திருப்பதையும், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறை தெரியாதபடி சுவர்கள் எழுப்பப்பட்டிருப்பதையும் பார்க்க ஆள் குறைவு. அங்கே நிழலும் உட்கார இடமும் உண்டு. ஜலேப் சௌக்கிலிருந்து படியேறினால் ஷிலா தேவி கோயில். மான்சிங் வங்காளத்திலிருந்து கொண்டுவந்த துர்க்கை உருவம் அது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் தரிசனம் செய்ய விரும்பும் பெற்றோரை முதலில் அங்கே அழைத்துச் சென்றுவிடுங்கள்.

கீழே ஊருக்குள் இரண்டு இடங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் அது வீண் போகாது. ஒன்று, பன்னா மீனா கா குண்ட் என்ற படிக்கிணறு; மற்றொன்று ஜகத் சிரோமணி கோயில். மான்சிங்கின் மகன் ஜகத்சிங் இளமையிலேயே இறந்தபோது அவன் நினைவாகத் தாய் கனகாவதி எழுப்பிய கோயில் அது. அங்குள்ள கண்ணன் உருவம் சித்தூரில் மீராபாய் வழிபட்டது என்பது மரபு. வழக்கமான சுற்றுலாத் திட்டங்களில் இவை இரண்டுமே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஓட்டுநர் அழைத்துச் செல்வார்.

ஆமேருக்கு மேலே, அதே மலைமுதுகில் ஜெய்கட் கோட்டை நிற்கிறது. இரண்டு கோட்டைகளையும் இணைக்கும் ஒரு பாதை உண்டு. அதன் ஒரு பகுதி சுரங்கமாகவும் மறுபகுதி திறந்த ஏற்றமாகவும் செல்கிறது. அது திறந்திருக்கும் நாளாக இருந்தால் நீங்களும் மகளும் அவ்வழியே ஏறிச் செல்லலாம். பெற்றோர் காரில் சாலை வழியாகச் சுற்றிவந்து மேலே உங்களைச் சந்திக்கலாம். சொந்த ஏற்பாட்டில் ஓட்டுநர் இருப்பதன் உண்மையான பயன் இதுபோன்ற இடங்களில்தான் தெரியும்: ஏறிய வழியே இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெய்கட்டில் பார்க்க வேண்டியவை, 1720இல் வார்க்கப்பட்ட ஜெய்வாண் என்ற சுமார் 50 டன் எடையுள்ள சக்கரப் பீரங்கியும், மழைநீரை மலைச்சரிவுகளிலிருந்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து சேமித்த பெரிய நீர்த்தொட்டிகளும். பீரங்கியைவிட நீர்த்தொட்டிகளே எனக்கு வியப்பானவை. வறண்ட மலையுச்சியில் ஒரு படையையே அவை காப்பாற்றியிருக்கின்றன.

இங்கே ஓட்டுநர் கதை சொல்லத் தொடங்குவார். ஜெய்வாண் ஒரே முறை சுடப்பட்டதென்றும், குண்டு சாக்சு ஊரருகே விழுந்து அங்கே ஒரு குளமே உண்டாகிவிட்டதென்றும் சொல்வார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், மத்திய அரசு இந்தக் கோட்டையில் புதையல் தேடியது வரலாற்று உண்மை. எதுவும் கிடைக்கவில்லை என்றே அரசு அறிவித்தது. ஆனால் டெல்லி நெடுஞ்சாலையை மூடிவிட்டு லாரி லாரியாகத் தங்கம் கொண்டுபோனார்கள் என்பது ஊர்க் கதை. இவற்றை ரசித்துக் கேளுங்கள், குறித்துக்கொள்ளாதீர்கள். காரோட்டுவது அவர் தொழில். வரலாறு வேண்டுமென்றால், நுழைவாயிலில் சுற்றுலாத் துறை வழங்கிய அடையாள அட்டையோடு நிற்கும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஆமேருக்கும் ஜந்தர் மந்தர் என்ற வானாய்வுக்கூடத்துக்கும் அப்படி ஒருவரை அமர்த்துவது பணத்துக்குத் தகும். மற்ற இடங்களில் தேவையில்லை.

ஜெய்கட்டுக்குச் செல்லும் மலைச்சாலை ஓரிடத்தில் பிரிந்து நாஹர்கட்டுக்குச் செல்கிறது. 1734இல் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய இந்தக் கோட்டையின் மதிலிலிருந்து பார்த்தால் ஒன்பது கட்ட நகரம் முழுவதும் காலடியில் தெரியும். நகரத்தின் வரைபடம் புரிவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பதால் மறுநாள் நகருக்குள் நடப்பதற்கு முன்பே இங்கே வந்துவிடுவது நல்லது. இரண்டாம் மாதோ சிங் தம் அரசியருக்காகக் கட்டிய மாதவேந்திர பவனில், ஒரே அமைப்புள்ள அடுக்ககங்கள் தாழ்வாரங்களால் இணைக்கப்பட்டிருக்கின்றன. சூரியன் அந்தப் பருவத்தில் மாலை ஐந்தேமுக்காலுக்குள் மறைந்துவிடும். அதைப் பார்க்க நகரமே மேலே வந்திருக்கும். ஒற்றைச் சாலை, கொண்டை ஊசி வளைவுகள், எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். நான்கு மணிக்குள் மேலே சென்றுவிடுங்கள். காரை இறங்கும் திசையில் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். சூரியன் மறைந்த உடனேயே புறப்பட்டுவிடுங்கள்.

ஒரு திருத்தம்: ஜல் மஹாலை மலையேறுவதற்கு முன் பார்ப்பதா, இறங்கிய பின் பார்ப்பதா என்பதை நேரத்தைப் பொறுத்தே முடிவு செய்ய முடியும். ஜெய்கட்டில் பொழுது நீண்டுவிட்டால் நாஹர்கட்டிலிருந்து இறங்கும்போது இருட்டிவிடும். அப்போது விளக்கொளியில் மட்டுமே மஹாலைப் பார்க்கலாம். பெற்றோர் களைத்திருந்தால் ஜெய்கட்டை விட்டுவிட்டு, மதிய உணவுக்குப் பின் ஏரிக்கரையில் நின்றுவிட்டு நேராக நாஹர்கட் செல்வதே என் தேர்வாக இருக்கும்.

இனி வாடகைப் பேச்சு. உள்ளூர்ப் பயணத்துக்கு அங்கே வழக்கமான கணக்கு எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர். மேலே சொன்ன முதல் நாள் சுற்று 80 கிலோமீட்டரைத் தொடவே தொடாது. ஆனால் காலை ஏழரையிலிருந்து மாலை ஏழு வரை பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதாவது உங்களுக்குக் கூடுதல் செலவு வைப்பது நேரம்தான், தூரம் அன்று. ஆகவே பேரம் பேசும்போது கிலோமீட்டர் விலையில் கவனத்தைச் செலவிடாமல், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மொத்தமாக எவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். உங்கள் விடுதி வாசலிலிருந்தா, அவர்களுடைய கார் நிறுத்துமிடத்திலிருந்தா என்பதில் ஒரு மணி நேரம்கூட வேறுபடலாம். பார்க்கிங், டோல், ஜிஎஸ்டி, ஓட்டுநர் பேட்டா, இரவு நேரக் கட்டணம் ஆகியவற்றில் எவை தொகைக்குள் அடங்கும், எவை அடங்காது என்பதை வாட்ஸ்அப் செய்தியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் அடங்கும் என்பார்கள். கடைசியில் கொடுக்கும் ரசீதில் அடங்காது. ஏறியவுடன் மீட்டர் எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்வது ஓட்டுநரைச் சந்தேகிப்பதாகாது, அவரே அதை எதிர்பார்ப்பார்.

வாடகைக்கு ஓட உரிமம் பெற்ற கார் என்றால் மஞ்சள் நிறப் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். மின்சாரக் காராக இருந்தால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகைக் காரை யாராவது குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காரை வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பு என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஐந்து பேர் என்றால் உங்களோடு ஓட்டுநரையும் சேர்த்து ஆறு இருக்கைகள் வேண்டும். சிறிய செடான் கார் போதாது. அதே சமயம் ஆமேரின் சந்துகளில் பெரிய வேன் நுழையாது. மூன்று வரிசை இருக்கை கொண்ட எர்டிகா போன்ற கார் இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்தும்.

அடுத்தது கடைகள். இரத்தினக் கல், குந்தன் நகை, அச்சுத்துணி, கம்பளம் ஆகியவற்றுக்குப் பெயர்போன ஊர் என்பதால், சுற்றுலாப் பயணியைக் கடைக்கு அழைத்துவருகிறவருக்குக் கமிஷன் தரும் வழக்கம் ஜெய்ப்பூரில் மற்ற ஊர்களைவிட ஆழமாக ஊறியிருக்கிறது. ஆமேர் சாலையோரத்தில் 'தொழிற்கூடம் பார்க்கலாம், வாங்க வேண்டியதில்லை' என்று அழைக்கும் இடங்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அங்கே மரக்கட்டையால் துணியில் யானையை அச்சிட்டுக் காட்டுவார்கள். உங்கள் மகளுக்கு அது பிடிக்கவும் கூடும். அடுத்த கதவு விற்பனைக் கூடத்தில் திறக்கும். அரசு அங்கீகாரம் பெற்றது என்ற பலகையை வைத்துக் கடையை எடைபோட முடியாது. மாநில அரசின் கைவினைப் பொருள் அங்காடி எம்.ஐ. சாலையில் ராஜஸ்தலி என்ற பெயரில் இருக்கிறது. அங்கே விலையைப் பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு எந்தக் கடையிலும் ஏமாறாமல் பேரம் பேசலாம். விலையுயர்ந்த கற்களை வாங்கி வேறு ஊரிலோ நாட்டிலோ விற்றால் பல மடங்கு லாபம் என்று நட்பாகப் பேசும் எவரிடமிருந்தும் உடனே விலகிவிடுங்கள். இந்த ஊரில் வெகுகாலமாக நடக்கும் மோசடி அது.

ஓட்டுநரை இதற்காகக் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நிறுவனம் உங்களிடம் வாங்கும் வாடகையில் அவருக்குப் போய்ச் சேர்வது சிறு பங்குதான். மீதியைக் கடைக்காரர்தான் ஈடுகட்டுகிறார். எனவே காலையில் ஏறும்போதே, முகம் சுளிக்காமல், 'கிஸீ துகான் பர் நஹீ ஜானா ஹை' என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கடைக்கும் போக வேண்டாம் என்பது பொருள். கூடவே, நாள் முடிவில் உங்களைத் தனியாகக் கவனிக்கிறோம் என்பதையும் குறிப்பாகத் தெரிவித்துவிட்டால் பெரும்பாலும் அன்று முழுவதும் அந்தப் பேச்சே எழாது. உணவகத்துக்கும் இதே கணக்குத்தான்: அவர் நிறுத்தும் இடத்தில் அவருக்கு இலவசச் சாப்பாடு இருக்கும், உங்களுக்கு விலை கூடியிருக்கும். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுத்து, அவர் சாப்பாட்டுச் செலவை நீங்களே கொடுத்துவிடுவது சிக்கனமானது. காலையில் 'ராம் ராம் சா' என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். தெற்கிலிருந்து வந்தவர் வாயில் அந்த ஊர் வணக்கத்தைக் கேட்கும் ஓட்டுநரின் முகம் மலரும்.

இரண்டாம் நாள், மதிலுக்குள். காலை ஒன்பது மணியளவில் அரண்மனைக்கு அருகிலுள்ள ஜலேப் சௌக்கில் இறங்கிக்கொள்ளுங்கள். ஆமேரில் பார்த்த முற்றத்துக்கும் இதே பெயர்தான், குழம்ப வேண்டாம். இதற்கு விடுதியிலிருந்து ஓலாவோ ஆட்டோவோ போதும். பெற்றோருக்கு நடை சிரமம் இல்லையென்றால் மெட்ரோ ரயிலும் உண்டு, 2020 முதல் அது ஹவா மஹாலுக்கு அருகேயுள்ள படி சௌபட் வரை ஓடுகிறது. அன்று நீங்கள் பார்க்க வேண்டிய ஜந்தர் மந்தர், நகர அரண்மனை, கோவிந்த் தேவ் கோயில், ஹவா மஹால் ஆகிய நான்கும் சில நிமிட நடையில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஜந்தர் மந்தருக்கு நல்ல வெயில் வேண்டும். பனிமூட்டமான காலையாக இருந்தால் அதைப் பதினொரு மணிக்குத் தள்ளிவைத்துவிட்டு அரண்மனையை முதலில் பாருங்கள். நிழல் விழாத நாளில் அங்கிருக்கும் கருவிகள் வெறும் கட்டடங்களே. 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் உலகின் மிகப் பெரிய கல் சூரியக் கடிகாரம். அதன் சாய்வுச் சுவரின் நிழல் இருபக்க வளைவுகளில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. நின்று பார்த்தால் நகர்வது கண்ணுக்கே தெரியும். உங்கள் மகளிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சூரியக் கடிகாரம் சுமார் 27 நிமிடம் பின்தங்கியிருக்கும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்குக் கணக்கிடப்பட்டது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். மற்ற மாதங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூடும் அல்லது குறையும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால் சூரிய நேரம் ஆண்டு முழுவதும் சீராக இருப்பதில்லை. ஆனால் டிசம்பர் 25ஐ ஒட்டிய நாட்களில் அந்தத் திருத்தம் ஏறத்தாழ சுழியாகிவிடுவதால் கணக்கு நேராக ஒத்துப்போகும். அந்த வகையில் நீங்கள் செல்லும் வாரம் மிகப் பொருத்தமானது. பக்கத்திலேயே பன்னிரண்டு ராசிகளுக்கும் பன்னிரண்டு தனிக்கருவிகளாக நிற்கும் ராசிவலய யந்திரங்களில் தத்தம் ராசியைத் தேடி நிற்பவர்கள் கூட்டம் எப்போதும் இருக்கும். உங்கள் பெற்றோருக்கும் அது பிடிக்கலாம்.

நகர அரண்மனையில் இரண்டு வெள்ளிக் கொப்பரைகள் கண்ணில் படாமல் போகாது. ஒவ்வொன்றும் 345 கிலோ எடை. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் சென்ற இரண்டாம் மாதோ சிங், கடல் கடந்தாலும் ஆசாரம் கெடாதிருக்கக் கங்கைநீரை நிரப்பிக் கொண்டுசென்றவை. கோவிந்த் தேவ் கோயில் நாள் முழுவதும் திறந்திருக்காது, குறிப்பிட்ட வேளைகளில் மட்டுமே திரை விலகும்; அன்றைய நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப நகர்த்துங்கள். ஹவா மஹாலின் நுழைவாயில் பின்புறம் இருக்கிறது. 1799இல் சவாய் பிரதாப் சிங் எழுப்பிய இந்த ஐந்தடுக்கு முகப்பின் 953 சிறு சாளரங்களுக்குப் பின்னால், மேல் அடுக்குகளில் ஓர் அறை அகலமே உள்ளது. அரசியர் தெருவைப் பார்ப்பதற்கான திரை அது, வசிப்பதற்கான மாளிகை அன்று. உள்ளே படிகளைவிடச் சாய்தளங்கள் அதிகம் என்றாலும் அவை குறுகியவை. கூட்ட நேரத்தில் பெற்றோரைக் கீழ் முற்றத்திலேயே உட்காரவைத்துவிடுவது நல்லது.

நுழைவுச் சீட்டு பற்றி ஒரு குறிப்பு. ஆமேர், நாஹர்கட், ஜந்தர் மந்தர், ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம் ஆகிய மாநில அரசு நினைவுச் சின்னங்களுக்குச் சேர்த்து இரண்டு நாள் செல்லுபடியாகும் கூட்டுச் சீட்டு ஒன்று இருக்கிறது. முதல் நாள் காலை ஆமேரில் அதை வாங்கிவிட்டால் மறுநாள் வரிசையில் நிற்க வேண்டாம். அரச குடும்பத்தின் பொறுப்பில் உள்ள நகர அரண்மனைக்கும் ஜெய்கட்டுக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.

பிற்பகல் திரிபோலியா, ஜோஹ்ரி கடைத்தெருக்களுக்கு உரியது. 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக நகரத்துக்குப் பூசப்பட்ட செம்மண் சாயல் வண்ணத்தை அங்கே தெருத்தெருவாகப் பார்க்கலாம். வளையல் செய்யும் மணிஹாரர்களின் சந்தில் அரக்கை நெருப்பில் இளக்கி வளையல் வளைப்பதை உட்கார்ந்தே பார்க்கலாம். பெற்றோர் களைத்துவிட்டால் ஒரு மின்ரிக்‌ஷா பிடித்து அவர்களை விடுதிக்கு அனுப்பிவிடலாம். இருட்டிய பின் விளக்கேற்றிய ஆல்பர்ட் ஹாலை ராம் நிவாஸ் தோட்டத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டும் மீண்டும் வெளியே வந்தால் போதும்.

மூன்றாம் நாள் அரை நாளுக்குக் காரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓட்டுநர் பிடித்திருந்தால் அவரையே கேட்டு வாங்குங்கள். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சாங்கானேரில் இருக்கிறது. கட்டை அச்சுத் துணிக்கும் கைக் காகிதத்துக்கும் பெயர்பெற்ற ஊரும் அதுவே. மாலை விமானம் என்றால் பெட்டிகளைக் காரிலேயே வைத்துக்கொண்டு காலை பதினொரு மணிக்குப் புறப்பட்டு, சாங்கானேர்ப் பட்டறைகளில் துணி உலர்வதையும் அச்சுக் கட்டைகள் செதுக்கப்படுவதையும் பார்த்துவிட்டு, வாங்க வேண்டியவற்றை அங்கேயே வாங்கிக்கொண்டு நேராக விமான நிலையம் சென்றுவிடலாம். காரில் பெட்டிகளை விட்டு இறங்கும்போது ஓட்டுநர் காரை விட்டு நகர மாட்டார் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கணக்கை நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்தி ரசீது வாங்கிவிட்டு, ஓட்டுநருக்குத் தர நினைத்ததைத் தனியாக, ரொக்கமாக, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.